ஒரு நூல்

டயரைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்த பையன், அதை என் காலடியில் சாய்த்து வைத்து உட்புற ஓரத்தைக் காட்டினான். போன மார்கழி மாதம், மதுரையில் காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடை. வெளியே நின்று பார்த்தால் இன்னும் ஒரு வருடம் ஓடும் என்று யாரும் சொல்லிவிடக்கூடிய டயர் அது. வெளி ஓரத்தில் பட்டன் முழுசாக இருந்தது. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை, அதிலும் ஒரு இடத்தில் ரப்பரே இல்லாமல் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி நரைமுடி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த டயரில்தான் அதற்கு முந்தின நாள் அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு உசிலம்பட்டி போய் வந்திருந்தேன், தொண்ணூறு கி.மீ. வேகத்தில். கை நடுங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னான்: "இறக்குன வண்டில்லண்ணே, கேம்பர் தின்னத்தான் செய்யும்."

அவன் சொன்னது புதிய விஷயம் இல்லை. காரை இறக்கினால், அதாவது குட்டையான ஸ்பிரிங் போட்டு அதன் உயரத்தைக் குறைத்தால், சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாயும், சாய்ந்தால் உள் ஓரம் தேயும், அதுதான் கேம்பர், அழகுக்குக் கொடுக்கிற விலை அது. இதை எனக்கு மெக்கானிக் சொல்லியிருக்கிறார், நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள், நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குள் இறங்கவில்லை. ஏனென்றால் அது முதல் ஜோடி இல்லை, இரண்டாவது ஜோடி. முதல் ஜோடி 9,000 கி.மீ. ஓடிப் போனது. அதற்குப் பிறகு காசு செலவழித்து அந்தக் கேம்பரைச் சரிசெய்திருந்தேன், சக்கரங்கள் கண்ணுக்கே தெரியும்படி நிமிர்ந்துவிட்டன. அப்படியிருக்க, இரண்டாவது ஜோடி 4,000 கி.மீ.யில் கம்பி தெரியத் தேய்ந்திருக்கிறது. தின்றது கேம்பர்தான் என்றால், கேம்பர் குறைந்த பிறகு ஏன் இரண்டு மடங்கு வேகமாகத் தின்றது? இந்தக் கேள்வி அன்று வீடு வரைக்கும் கூடவே வந்தது, அடுத்த மூன்று வாரமும் விடவில்லை.

நாலு விரல் இடைவெளி

வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட், மேல் மாடல், 185/65 ஆர்15 டயர். வாரம் இரண்டு முறை வேலையாகத் தேனி போய் வருவேன், ஒரு நடைக்குச் சுமார் 75 கி.மீ. அந்த வண்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்ததால்தான் அதில் ஒரே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது: டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த அந்த நாலு விரல் இடைவெளி. பக்கவாட்டில் நின்று பார்த்தால், நல்ல வேட்டியை ஒரு சாண் தூக்கிக் கட்டின மாதிரி இருக்கும். அதைக் குறைத்தால் வண்டி அப்படியே தரையோடு உட்கார்ந்து அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், செய்த பிறகு அப்படித்தான் இருந்தது. அந்த ஆசையைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு வண்டி நிற்கிற விதத்தில் அழகு பார்ப்பது தப்பில்லை.

ஒன்றை மட்டும் அப்போதே சரியாகச் செய்தேன், ஸ்பிரிங்கை வெட்டவில்லை. நம் ஊரில் கிரைண்டரை எடுத்து ஒரு சுற்று வெட்டிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கும் இடங்கள் உண்டு. வெட்டின முனை கீழே உள்ள கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது, வெட்டும் சூட்டில் அந்த இடத்து எஃகின் பதம் கெடும், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிக்கூட உட்காரும். நான் இறக்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங் வாங்கினேன், 40 மி.மீ. குறைவு. கம்பெனி கொடுத்த தரை இடைவெளி 170 மி.மீ., அதில் நாற்பது போனால் 130. நாலு பேர் ஏறி, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் ஏறினால் நூறுக்குப் பக்கம் வந்து நிற்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அந்த அகலத்தில் இருந்தால் வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கிவிடும், அடி தட்டாது. செக்கானூரணிக்கு அப்பால் ஊருக்குள் திரும்பிவிட்டால் இருக்கும் வேகத்தடைகள் ஊர்க்காரர்கள் கையால் போட்டவை, உயரம் மட்டும் தாராளமாக இருக்கும், அகலம் ஒரு முழம். அவற்றின் மேல் நான் வண்டியைக் குறுக்காக ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டேன். அம்மா ஒவ்வொரு தடவையும் முன் சீட்டைப் பிடித்துக்கொள்வாள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. செய்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடம் பேச வேண்டி வரும் நாளையும் நினைத்துப் பார்த்துக்கொண்டு.

அப்புறம் அந்தத் தப்பு. ஸ்பிரிங் மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் முன்சக்கரங்களுக்குப் புது டயர் போட்டு வீல் அலைன்மென்ட்டும் பார்த்திருந்தேன். ஸ்பிரிங் மாற்றின இடத்தில், "அலைன்மென்ட் பாக்கணுமா?" என்று நானே கேட்டேன். ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ரிங் ரோட்டில் கையை விட்டு ஓட்டிப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. நேராகப் போகிற வண்டிக்கு அலைன்மென்ட் எதற்கு என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டியரிங் முன்பைவிடச் சுறுசுறுப்பாகிவிட்டது, லேசாகத் திருப்பினால் மூக்கு சட்டென்று திரும்பியது. வண்டி தாழ்ந்ததால் வந்த நன்மை என்று சந்தோஷப்பட்டேன். நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில், அந்த 7.3 கி.மீ. நேர் ஓட்டத்தில், அவ்வப்போது ஸ்டியரிங்கை ஒரு பொட்டு இப்படி ஒரு பொட்டு அப்படித் திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்ததை அப்போது நான் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணியில் முதல் ஜோடி போனது. ஒரு சனிக்கிழமை புது ஜோடி போட்டு, இந்த முறை ஒழுங்காக அலைன்மென்ட்டும் பார்த்தோம். மிஷின் கொடுத்த தாளில் கேம்பர் இடதில் மைனஸ் 1.1 டிகிரி, வலதில் மைனஸ் 1.0 என்று சிவப்பில் வந்தது. டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, பச்சையில் வந்தது. மிஷின்காரர் சிவப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, "இதுதான்ண்ணே ஆளு, இதை இந்த வண்டியில அட்ஜஸ்ட் பண்ண வழியில்ல, கேம்பர் போல்ட் வாங்கிப் போடுங்க" என்றார். திங்கட்கிழமையே வேறொரு ஒர்க்‌ஷாப்பில் போட்டேன். ஷாக் அப்சார்பரும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் இருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடு தடித்த ஒரு போல்ட்டைச் செருகித் திருப்பினால் சக்கரம் நிமிரும். நிமிர்ந்தது. அலைன்மென்ட் சனிக்கிழமைதானே பார்த்தோம் என்று அதோடு விட்டுவிட்டோம். நாலு மாதத்தில் மார்கழி வந்தது, மீதியை மேலேயே சொல்லிவிட்டேன்.

அலங்காநல்லூர் அன்று

காளவாசல் கடையில் அன்று அலைன்மென்ட் மிஷின் வேலை செய்யவில்லை, பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள். பின்னால் இருந்த இரண்டு டயரையும் முன்னால் மாற்றி, மூன்றாவது ஜோடியைப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தேன். பின்சக்கர டயர்கள் ஒழுங்காகத் தேய்ந்திருந்தன என்பதையும் அப்போது கவனித்தேன். ஸ்விஃப்ட்டின் பின்புறம் ஒரே இரும்புத் தண்டில் இரண்டு சக்கரமும் இருக்கும் அமைப்பு, இறக்கினாலும் அங்கே கோணங்கள் பெரிதாக மாறுவதில்லை.

என் பெரியப்பா கொத்தனார். நாற்பது வருடம் திருமங்கலம், திருநகர், விளாச்சேரிப் பக்கமெல்லாம் வீடு கட்டியவர், இப்போது முழங்கால் வலியால் வேலைக்குப் போவதில்லை. தை 3ஆம் தேதி, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் வாசலில் தேய்ந்த டயரைப் போட்டு வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வெளியே வந்தார். என்ன என்று கேட்டார். சக்கரம் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை பெரியப்பா என்றேன். "சாஞ்சிருக்கா இல்லையான்னு தெரிய என்னத்துக்குடா இவ்வளவு யோசனை, குண்டு போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது" என்று உள்ளே போய்த் தூக்குக்குண்டையும் நைலான் நூல்கண்டையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்து வந்தார்.

எங்கள் வாசல் தளம் அவர் கையால் மட்டம் பார்த்துப் போட்டது, அதனால் வண்டி நிற்கும் இடம் சமமா என்ற கவலை இல்லை. வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தினேன், காற்று நாலிலும் ஒரே அளவு இருக்கும்படி பார்த்தேன். ரிம்மின் மேல் விளிம்பில் குண்டைத் தொங்கவிட்டார். ரிம் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 40 செ.மீ. வரும். மேல் விளிம்பைத் தொட்ட நூல் கீழ் விளிம்பில் எவ்வளவு விலகி நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். "அரை நூல்கூட இல்லடா. நேராத்தான் நிக்குது."

கொத்தனார், தச்சர் கணக்கில் ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், எட்டு நூல் ஒரு அங்குலம். மி.மீ.யில் சொன்னால் மூன்றுக்குச் சற்று மேல். அரை நூல் சாய்வு என்றால் கால் டிகிரிக்கும் கீழே. அந்தச் சாய்வில் 4,000 கி.மீ.யில் ஒரு டயர் கம்பி தெரியத் தேய வாய்ப்பே இல்லை. மூன்று வாரமாக மனசில் இருந்த சந்தேகத்துக்கு அந்த இடத்தில் பாதி விடை கிடைத்துவிட்டது: கேம்பர் இதைச் செய்யவில்லை.

பெரியப்பா அதோடு விடவில்லை. டயரின் தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினார், வழவழவென்று போனது. எதிர்ப்பக்கமாகத் தடவினார், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "ரம்பம் மாதிரில்ல இருக்கு. இது சும்மா உருண்டு தேஞ்சது இல்ல, இழுத்துத் தேச்சிருக்கு" என்றார். கல்லில் உளி தீட்டின கைக்குத் தெரியும் போலிருக்கிறது. நானும் தடவிப் பார்த்தேன். பட்டனின் ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கம் மழுங்கி, எதிர்ப்பக்கம் கத்தி மாதிரி கூர்ந்திருந்தது. அத்தனை நாள் அந்த டயரைக் கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சிமெண்ட் ரொப்பிக் கம்பி நட்ட பெயின்ட் வாளிகள் நாலு மாடிப்படிக்குக் கீழே கிடந்தன, முன்பு பந்தல்காலுக்கு வைத்தவை. வண்டியின் இரண்டு பக்கமும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக வைத்து, சக்கரத்தின் நடு உயரத்தில் நூலை இழுத்துக் கட்டினோம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அகலம் ஒன்றாக இருக்காது, அதனால் நூலை டயரோடு ஒட்டிக் கட்டக் கூடாது. இடது முன்சக்கர நடுவிலிருந்து நூல் எவ்வளவு தூரமோ அதே தூரம் வலதிலும் இருக்க வேண்டும், பின்சக்கரங்களிலும் அப்படியே. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பெரியப்பாவுக்கும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அறைக்கு மூலை பார்க்கிறவருக்கு இது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கயிற்றால் கட்டினேன். அவர் நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கு ஸ்கேல் வைத்தார். பின் விளிம்புக்கு வைத்தார். மறுபடியும் முன்னால் போனார். இடது பக்கம் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட நூலுக்கு ஒரு நூல் கிட்டத்தில் இருந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தோம், அங்கேயும் ஒரு நூல். இரண்டு சக்கரமும் ஆளுக்கு ஒரு நூல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றன.

பாதத்தை வெளிப்பக்கமாக விரித்து வைத்து நடக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டோ அவுட். நடக்கிறவர் காலைத் தூக்கி வைக்கிறார், அதனால் ஒன்றும் ஆகாது. சக்கரம் தரையைவிட்டு எழும்புவதே இல்லை. 400 மி.மீ.க்கு 3.2 மி.மீ. என்றால் 125இல் ஒரு பங்கு. அந்தச் சக்கரம் ஒரு கி.மீ. உருளும்போது 8 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று கணக்கு வருகிறது. மதுரையிலிருந்து தேனி வரைக்கும் 600 மீட்டர். நான் ஒவ்வொரு முறை தேனி போகும்போதும் இரண்டு முன் டயரையும் அரை கி.மீ.க்கு மேல் தார் ரோட்டில் குறுக்காகத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறேன், திரும்பி வரும்போது இன்னொரு அரை கி.மீ.

கையை விட்டாலும் வண்டி நேராகப் போனதன் காரணமும் அதே வாசலில் புரிந்தது. இடது சக்கரம் இடப்பக்கம் இழுக்கிறது, வலது சக்கரம் அதே அளவு வலப்பக்கம் இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வண்டி நேராகப் போகிறது, டயர்தான் அந்தச் சண்டையைத் தாங்குகிறது. ஒரு சக்கரம் மட்டும் திரும்பியிருந்தால் ஸ்டியரிங் கோணியிருக்கும், எனக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். நான் சந்தோஷப்பட்ட அந்தச் சுறுசுறுப்பான ஸ்டியரிங்கும் இதுதான். சக்கரம் ஏற்கெனவே வெளியே பார்த்துக்கொண்டிருந்ததால் திருப்பின உடனே மூக்கு திரும்பியது, நேர் ரோட்டில் நிலைகொள்ளாமல் தேடியது.

அலைன்மென்ட் தாள் டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்தது நினைவுக்கு வந்து எடுத்தேன். அந்தத் தாளில் இரண்டு பத்தி இருக்கும், சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின். நாலு மாதமாக நான் பார்த்ததெல்லாம் பின் பத்தியைத்தான், அதிலும் வட்டம் போட்ட கேம்பரைத்தான். முன் பத்தியில் டோ, இடது 0.22 டிகிரி வெளியே, வலது 0.24 வெளியே, இரண்டும் சிவப்பு. அதைப் பச்சையாக்க மிஷின்காரருக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், அதனால் யாருமே அதைப் பேசவில்லை. பெரியப்பா கணக்கில் அது அரை நூல். அரை நூலில் முதல் ஜோடி 9,000 கி.மீ. ஓடியது, ஒரு நூலில் இரண்டாவது ஜோடி 4,000. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே டிவியில் யாரோ மாடு பிடித்துவிட்டார்கள், தெரு முழுக்கச் சத்தம்.

இரண்டு கம்பி, இரண்டு வில்

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மாருதி 800 காலத்திலிருந்து நம் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட்தான், ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களின் பிற்பகுதியில் வடிவமைத்தது. கீழே சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை, மேலே ஷாக் அப்சார்பரே இன்னொரு தூண். சக்கரத்தைத் திருப்ப, ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் ராக் என்ற தண்டிலிருந்து டை ராட் என்ற கம்பி வருகிறது. லோயர் ஆர்மும் டை ராடும் ஒரே சக்கரத்தைத்தான் பிடித்திருக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் நீளம் வேறு, உள்பக்கம் அவை மாட்டியிருக்கும் இடமும் வேறு. வண்டியின் உடம்பு கீழே இறங்கும்போது இரண்டின் வெளி முனைகளும் ஆளுக்கொரு வில் வரைந்துகொண்டு மேலே போகின்றன, அந்த இரண்டு வில்லும் ஒன்றல்ல. கம்பெனி வைத்த உயரத்தில் அவை ஒத்துப்போகும்படி அமைத்திருக்கிறார்கள், 40 மி.மீ. தள்ளிப் போனால் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடுகிறது. எங்கள் வண்டியில் ராக், சக்கர நடுவுக்குப் பின்னால் இருக்கிறது, டை ராட் சக்கரத்தின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கிறது. அது உள்ளே இழுத்தால் முன்பக்கம் வெளியே பார்க்கும்.

கேம்பர் போல்ட் செய்ததும் இதே வேலைதான். சக்கரத்தை நிமிர்த்தும்போது நக்கிள் வெளிப்பக்கம் சாய்கிறது, டை ராட் நீளம் மாறாமல் அதன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மறுபடியும் மூக்கு வெளியே. அதனால்தான் கேம்பரில் கை வைத்தால் டோவைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். நான் சனிக்கிழமை டோவைச் சரிசெய்து, திங்கட்கிழமை கேம்பரைத் தொட்டு, அந்தச் சரியைக் கலைத்திருக்கிறேன். செய்த வேலை இரண்டும் நல்ல வேலைதான், வரிசைதான் மாறிப்போனது.

எனக்கு இதில் ரொம்ப உறைப்பது, எல்லோரும் கேம்பர் கேம்பர் என்று சொல்வதற்குக் காரணம் அது கண்ணுக்குத் தெரிவதுதான். வண்டிக்கு முன்னால் போய் நின்றால் சக்கரம் சாய்ந்திருப்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு டிகிரி சாய்வு என்றால் ரிம்மில் இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம். டோவில் ஒரு நூல், அதுவும் முன்னும் பின்னுமாக, எந்தக் கண்ணுக்கும் தெரியாது. தெரிகிற குறையின் மேல் பழி போட்டுவிட்டு, "இறக்கினா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அந்த வார்த்தை எத்தனை பேரை அளந்து பார்க்கவிடாமல் தடுத்திருக்கும் என்று யோசிக்கிறேன். என்னைத் தடுத்தது, பின்னால் அம்மா உட்கார்ந்திருக்கும்போது கம்பி தெரிந்த டயரில் ஓடினேன்.

கேம்பர் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். பொங்கல் கழித்து திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேம்பர் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பழைய போல்ட்டையே போடச் சொன்னேன். அந்த மாற்றுப் போல்ட் அசல் போல்ட்டைவிட மெலிசு, நம் வேகத்தடைகளில் வாங்கும் அடிக்கு அதை நம்பிக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை. அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன் கேட்காமலே இன்னொன்றும் செய்தார். வண்டியைப் பள்ளத்தின் மேல் நாலு சக்கரத்திலும் நிறுத்தி, கீழே இறங்கி, லோயர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டியை இறக்கின பிறகு எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். "தரையில நிக்கிறப்பத்தான்யா இறுக்கணும், முக்காவாசிப் பேரு இதைச் செய்யிறதில்ல" என்றார். அதற்கு முந்தின வருடம் தை மாதம் ஸ்பிரிங் மாற்றினபோது என் வண்டியில் இதைச் செய்யவில்லை என்பது அவர் போல்ட்டைத் தளர்த்தின உடனே உள்ளே ஏதோ திருகி அவிழ்ந்த சத்தத்திலேயே தெரிந்தது.

அங்கிருந்து நேராக அலைன்மென்ட். கேம்பர் மறுபடி மைனஸ் 1.1க்குப் போய்விட்டது, விட்டுவிட்டேன். டோ மட்டும் இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும் என்று நின்று பார்த்து வாங்கினேன். பச்சை வந்தால் போதும் என்று இறங்கப் போனவரிடம், பச்சைக்குள் எந்த எண் என்று கேட்டேன். முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார், அப்புறம் அவரே ஆர்வமாகி டை ராடை இன்னொரு கால் சுற்று திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். புது ஜோடியை முன்னால் மாற்றினோம். இப்போது 11,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புதிதில் 8 மி.மீ. ஆழம் இருந்த பட்டன், வெளி ஓரத்தில் 6.6, உள் ஓரத்தில் 5.9. கேம்பர் எடுத்தது அந்த 0.7 மி.மீ.தான். 1.6 மி.மீ. வந்தால் டயரை மாற்ற வேண்டும், அதற்கு இன்னும் நிறைய ஓட்டம் இருக்கிறது. கையால் தடவினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, பறக்கும் பாலத்தில் வண்டி தானாக நிலைகொண்டு போகிறது.

இறக்கவே கூடாது என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை, ஊர் ரோட்டைக் காட்டி அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருந்தாலும். அடுத்த முறை ஸ்பிரிங் மாற்றும்போது நாற்பதுக்குப் பதில் இருபத்தைந்து போடலாம் என்று இருக்கிறேன், அதுவும் அம்மாவுக்காகத்தான். கம்பி தெரிந்த அந்த டயரை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை, மாடிப்படிக்குக் கீழே வாளிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து அத்தை மகன் வந்திருந்தான். அவனும் வண்டியை இறக்கியிருக்கிறான், மூன்று மாதம் ஆகிறது, வெள்ளை வண்டி, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னேன், வெளிப்பக்கமாகத் தடவிவிட்டு நல்லாத்தானே இருக்கு மச்சான் என்றான். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் வாளிகளை உருட்டிக்கொண்டு வந்தார். நூல் கட்டி முடித்து அவர் ரிம்மின் முன் விளிம்பில் அளந்துவிட்டுப் பின் விளிம்புக்கு நகரும்போது அவன் கேட்டான், "வண்டி நேராத்தான போகுது மாமா?" பெரியப்பா ஸ்கேலை அவன் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து பார்க்க இடம் விட்டுத் தள்ளி நின்றார்.